ஓட்டை போடும் முன் ஒரு டியூப் வாங்குங்கள்

பட்டறைப் பதில்கள்

போன மாதம் பின்பக்கம் இன்ஜின் உள்ள வண்டிகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் கார் ஷெட்டைத் திறந்தால் என்னென்ன நிற்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. வந்ததில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: வண்டி சூடாகிறது. அதனால் இந்த மாதம் முழுக்கக் காற்று.

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வண்டி, 1965 மாடல். காற்றில் குளிரும் பழைய இன்ஜின் தேய்ந்துபோனதால் ஐந்து வருடத்துக்கு முன்பு, தண்ணீரில் குளிரும் நாலு சிலிண்டர் சின்ன கார் இன்ஜினைப் பின்னால் ஏற்றினோம். ரேடியேட்டரைக் கியர்பாக்ஸுக்கு மேலே படுக்க வைத்து, இரண்டு ஃபேன் போட்டு, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஜன்னல் வெட்டு வழியாகக் காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஊருக்குள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் முள் பாதியில் நிற்கிறது. திருமயம் ரோட்டில் 70-ஐத் தாண்டிப் பத்து நிமிடம் போனால் சிவப்புக்குப் போய்விடுகிறது. கூரையில் ஓட்டை போட்டு, காற்றைப் பிடித்து உள்ளே தள்ளுகிற ஒரு ஸ்கூப் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: செய்யாதீர்கள். குறைந்தபட்சம் இந்த மாதம் செய்யாதீர்கள். ஐயாவின் வண்டிக் கூரையில் போட்ட ஓட்டையை எந்த டிங்கராலும் முழுசாக மறைக்க முடியாது.

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. ஊருக்குள் சூடாகி ரோட்டில் ஆறினால் ஃபேனைச் சந்தேகப்படலாம். உங்களுக்கு அது தலைகீழாக நடக்கிறது. ஃபேன் மட்டும் வேலை செய்யும்போது வண்டி நன்றாக இருக்கிறது, வேகம் வந்ததும் கெடுகிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று தண்ணீர் ஓட்டம். பம்ப் உறிஞ்சும் பக்கத்து ரப்பர் ஹோஸ் பழசாகி இளகியிருந்தால், இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது அது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், மெதுவாக ஓடும்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வண்டியை நிறுத்திவைத்து, இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி அந்த ஹோஸைப் பாருங்கள். சப்பையானால் உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸ் மாற்றுங்கள், செலவு அதோடு முடிந்தது. இதைப் பார்க்காமல் காற்றைப் பற்றிப் பேசுவது வீண்.

ஹோஸ் நன்றாக இருந்தால் காற்றுக்கு வருவோம். நம் பக்கத்துப் பெரிய வீட்டில் முகப்பில் நின்று பார்த்தால் வளவு தாண்டி இரண்டாம் கட்டு தாண்டி பின்வாசல் வரை நேராகத் தெரியும். பின்வாசல் கதவைச் சாத்திவிட்டு முகப்பில் எத்தனை ஜன்னல் திறந்தாலும் காற்று வருமா? ஆச்சியைக் கேட்டால் சொல்லுவார், முதலில் போய்ப் பின் கதவைத் திற என்று. வண்டியிலும் அப்படித்தான். ஓட்டை இருக்கிறது என்பதற்காக மட்டும் காற்று உள்ளே போய்விடாது. அந்தப் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருந்தால்தான் போகும். மெக்கானிக் முகப்பு ஜன்னலைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

கையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வெயிலில் 70 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றை முழுசாக மறித்தால் கிடைக்கிற அழுத்தம், தண்ணீர் மட்டக் கணக்கில் சுமார் 22 மி.மீ.தான். 100 கி.மீ.யில் 45. முன்பக்கம் ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு இதில் பெரும்பகுதி கிடைக்கும். உங்கள் ரேடியேட்டர் வண்டியின் முதுகில், காற்று கூரையை விட்டுப் பிரிந்து சுழல்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பாதியாவது கிடைக்கிறதா, இல்லை எதிர்த் திசையில் இழுக்கிறதா என்று யாருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியாது, எனக்கும் தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளக்கிற கருவி ஹார்டுவேர் கடையில் இருக்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பிடிப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான டியூப். மெல்லியதாக ஒரு பத்து மீட்டர் வாங்குங்கள். நடுப்பகுதியை ஒரு பலகையில் ‘ப’-வைப் போல வளைத்துக் கட்டி, பின்னால் கிராஃப் பேப்பர் ஒட்டுங்கள். வளைவில் கொஞ்சம் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு நீலம், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு எதற்கு என்றால் தண்ணீர் டியூபில் ஒட்டாமல் சட்டென்று நகர்வதற்கு. ஒரு முனை ரேடியேட்டருக்கு மேலே, இன்னொரு முனை கீழே. முனைகளை வெறுமனே விட்டால் நேராக அடிக்கிற காற்று ஏமாற்றிவிடும், அதனால் இரண்டு முனையிலும் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிக் கட்டுங்கள். சைலன்சர் பக்கம் டியூப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உருகிவிடும். பலகையை வண்டிக்குக் குறுக்காக வைக்க வேண்டும், நீளவாட்டில் வைத்தால் பிரேக் போடும்போதெல்லாம் தண்ணீர் ஓடும். நிமிர்த்தி வைத்தால் நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், எனவே ஐந்தடி நீளத்துக்கு ஓரடி உயர்கிற மாதிரி சாய்த்து வையுங்கள், அதே வித்தியாசம் டியூபில் ஐந்து மடங்காகத் தெரியும்.

விடியற்காலை ஐந்தரை மணி, காற்றில்லாத நேரம், காலி ரோடு. ஓட்டுபவர் ஓட்ட மட்டும் செய்யட்டும், பலகையைப் பார்க்க ஒருவர், போனில் படம் எடுக்க ஒருவர். 60-இல் ஒரே சீராக ஒரு கிலோமீட்டர், ஃபேனை நிறுத்திவிட்டு. அப்புறம் அதே ரோட்டில் திரும்பி வந்து ஒரு முறை, இரண்டையும் சேர்த்துச் சராசரி. மேல் முனைப் பக்கத்துத் தண்ணீர் கீழே இறங்கினால் மேலே அழுத்தம் அதிகம், அதாவது காற்று நீங்கள் விரும்புகிற திசையில் போகப் பார்க்கிறது. ஏறினால் உங்கள் ஃபேன் எதிர்நீச்சல் அடிக்கிறது, 70-க்கு மேல் அது தோற்கிறது.

இதோடு நிறுத்தாதீர்கள். ஒயர் முனையில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றை முன் பம்பர் நிழலிலும் இன்னொன்றை ரேடியேட்டருக்கு மேலே காற்று நுழைகிற இடத்திலும் கட்டுங்கள். போன வருடம் என் பட்டறைக்கு ஏறக்குறைய உங்களுடையதைப் போலவே ஒரு வண்டி வந்தது. உரிமையாளர் ஏற்கெனவே பின் டிக்கியில் இரண்டு வரிசை ஜன்னல் வெட்டு கூடுதலாகப் போட்டுவிட்டுத்தான் வந்தார், பலன் இல்லை. என் அக்கா மகன் பின் சீட்டில் முழங்காலுக்கு நடுவே பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 60-இல் தண்ணீர் அசையவே இல்லை. 70-ஐத் தொட்டதும், “மாமா, ஏறுது, ஏறுது” என்று கத்தினான். தெர்மாமீட்டரைப் பார்த்தால் வெளியே 38 டிகிரி, ரேடியேட்டர் வாசலில் 54! கீழே தள்ளிய சூடான காற்று வண்டிக்குப் பின்னால் சுழன்று மேலேறி, அதே ஜன்னல் வெட்டு வழியாக மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு ரேடியேட்டர் சட்டத்தைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி, அதன் வழியாகவும் சூடு மேலே வந்தது.

இந்த 54-க்கு என்ன அர்த்தம் என்றால், ரேடியேட்டர் தண்ணீர் 95 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 38 டிகிரி காற்று வந்தால் சூட்டை இழுக்க 57 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். 54 டிகிரி காற்று வந்தால் 41-தான். காற்றின் அளவு கொஞ்சமும் குறையாமலே ரேடியேட்டரின் வேலையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. கூரையில் எத்தனை ஓட்டை போட்டாலும் இது திரும்பி வராது.

அந்த வண்டியில் நான் எதையும் வெட்டவில்லை. ரேடியேட்டரைச் சுற்றி அலுமினியத் தகடு வளைத்து, ஓரமெல்லாம் தீப்பிடிக்காத வகை ஃபோமும் ரப்பர் பீடிங்கும் வைத்து, மேல் அறையையும் கீழ் அறையையும் தனித்தனியாகப் பிரித்தோம். காற்று வெளியேறுகிற இடத்துக்குச் சற்று முன்னால், வண்டியின் அடியில் குறுக்காக நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு ரப்பர் பட்டை தொங்கவிட்டோம். ஓடும்போது அந்தப் பட்டைக்குப் பின்னால் அழுத்தம் குறையும், சூடான காற்றை அது வெளியே இழுக்கும். பின்வாசல் கதவைத் திறந்தாயிற்று. வாசல் சூடு 43-க்கு இறங்கியது. முள் சிவப்புக்கு அருகே போகவில்லை.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் அப்போது புது வாசலைப் பற்றி யோசிக்கலாம், அப்போதும் கூரை வேண்டாம். பின் சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் இடம் பாருங்கள், டாடா நானோவில் வைத்திருக்கிறார்களே அந்த இடம், ஆனால் அங்கேயும் டியூபை ஒட்டி அளந்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். கணக்குக்காக ஒன்று: 20 கிலோவாட் சூட்டை, காற்று 25 டிகிரி மட்டும் சூடேறி எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால் நொடிக்குச் சுமார் 0.7 கன மீட்டர் காற்று வேண்டும். உள்ளங்கை அகல ஓட்டையில் இது நடக்கிற காரியமில்லை. கடைசி வழி ரேடியேட்டரையே முன்னுக்குக் கொண்டுபோவது. 1963-இல் வந்த ஹில்மன் இம்ப் காரில் ரேடியேட்டர் பின்னால் இன்ஜின் பக்கத்திலேயே இருந்தது, அதை ரேஸுக்கு மாற்றிய பலர் ரேடியேட்டரை முன்னுக்குக் கொண்டுபோனார்கள். காற்றில் குளிர்ந்த போர்ஷே 911-ஐ 1997-இல் தண்ணீருக்கு மாற்றியபோது ரேடியேட்டர்களை முன்னால்தான் வைத்தார்கள். நீளமான பைப், உயரமான இடத்தில் காற்றை வெளியேற்ற ஒரு திருகு, நிறைய வேலை. ஆனால் நிம்மதி.

கடைசியாக ஒன்று, இன்ஜின் மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியிருக்கிறீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் கேட்கிறேன்.

கேள்வி: என்னுடையது மாற்றமே செய்யாத 1300 பீட்டில். இன்ஜினைச் சுற்றி இருந்த தகடுகளையும் ஓரத்து ரப்பரையும் “காற்று நன்றாகப் படட்டும்” என்று ஒரு பட்டறையில் கழற்றிவிட்டார்கள். அதன்பிறகு ஆயில் கொதிக்கிற வாடை வருகிறது. தொடர்பு உண்டா? (ஒரு வாசகி, பள்ளத்தூர்)

பதில்: உண்டா என்றா கேட்கிறீர்கள்! படித்ததும் எனக்கே வயிறு எரிந்தது. அம்மா, உங்கள் இன்ஜின் காற்றிலேயே குளிர்வது, அந்தத் தகடுகள்தான் உங்கள் வண்டியின் ரேடியேட்டர் மாதிரி. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

பீட்டிலில் மேலே இருக்கிற ஃபேன் காற்றை இழுத்து, தகட்டுக் கூட்டுக்குள் தள்ளி, சிலிண்டர்களின் துடுப்புகளுக்கு (ஃபின்) நடுவே கீழ்நோக்கி ஓட்டுகிறது. சூடான காற்று கீழே வெளியேற வேண்டும், மேலே மறுபடி வரக்கூடாது. மேல் அறையையும் கீழ் அறையையும் பிரிக்கிற சுவர்தான் அந்தத் தகடும், இன்ஜின் அறையைச் சுற்றி ஓடுகிற ரப்பரும். இரண்டையும் எடுத்துவிட்டால் ஃபேன் தான் தள்ளிய வெந்த காற்றையே திரும்பக் குடிக்கும். போன வருடம் என் பட்டறைக்கு வந்த வண்டியின் நோய்தான், நீங்கள் கூலி கொடுத்து வாங்கியது.

இன்னொரு விஷயம். பழைய அமைப்பில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகிற காற்றின் வழியில் நிற்கும். அதனால் மூன்றாம் சிலிண்டருக்கு எப்போதும் கொஞ்சம் சூடான, கொஞ்சம் குறைவான காற்றுதான். 1971 மாடலிலிருந்து அந்தக் கூலரைப் பின்னுக்குத் தள்ளித் தனிக் கூடு கட்டிக் கொடுத்தார்கள். உங்களுடையது பழைய அமைப்பு என்றால் பிழை செய்ய இடமே இல்லை, முதலில் அடிபடுவது மூன்றாம் சிலிண்டரின் வால்வுதான்.

தகட்டை மாட்டியபின் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், சுமார் 15 மி.மீ. இறங்கலாம். ஓடும்போது டாஷ்போர்டில் சிவப்பு ஜெனரேட்டர் விளக்கு எரிந்தால் “பேட்டரிதானே, வீடு போய்ப் பார்க்கலாம்” என்று ஓட்டாதீர்கள். ஜெனரேட்டரும் ஃபேனும் ஒரே பெல்ட், அந்த விளக்கு எரிகிறது என்றால் காற்றும் நின்றிருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். பின் இன்ஜின் வண்டியின் முதுகில் காற்று எப்படிப் போகிறது என்று பிராஜெக்ட் செய்ய நினைக்கிறோம். காற்றுச் சுரங்கம் இல்லாமல் முடியுமா? (ஒரு மாணவர், காரைக்குடி)

பதில்: தாராளமாக முடியும், தம்பி. ஸ்வெட்டர் பின்னுகிற கம்பளி நூல் ஓர் உருண்டை, மாஸ்கிங் டேப் ஒரு சுருள். வண்டியின் நிறத்துக்கு எடுப்பாகத் தெரிகிற நூலாக வாங்குங்கள். ஆறு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, கூரையின் பின் பாதியிலிருந்து பம்பர் வரை பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டுங்கள். டேப்பைச் சின்னதாகக் கிழியுங்கள், நீளமாக ஒட்டினால் நூல் விறைத்துக்கொள்ளும். பக்கத்து லேனில் அல்லது பின்னால் தள்ளி வருகிற இன்னொரு காரிலிருந்து படம் எடுங்கள். பைக்கில் ஒருவர் ஓட்டிக்கொண்டே எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்த வேலை வேண்டவே வேண்டாம். ரொம்ப ஒட்டி வந்தால் பின்னால் வருகிற கார் காற்றையே மாற்றிவிடும்.

நூல் படிந்து பின்னோக்கி நின்றால் காற்று உடம்போடு ஒட்டிப் போகிறது. துடித்தால் பிரியத் தொடங்குகிறது. முன்னோக்கியோ மேல்நோக்கியோ திரும்பி நின்றால் அங்கே சுழல். பீட்டிலின் பின் கண்ணாடியில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள், எந்த வரிசையில் நூல் புத்தி மாறுகிறது என்று குறித்துவைத்தாலே பிராஜெக்டில் ஓர் அத்தியாயம் தேறும். ஆனால் நூல் திசையைத்தான் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு மேலே சொன்ன டியூப் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பட்டறையில் ஒட்டிவைக்கிறேன்.

கேள்வி: இன்ஜின் இருக்கிற பின் டிக்கி மூடியை இரண்டு இன்ச் தூக்கி, ஸ்பேசர் வைத்து ஓட்டினால் குளிர்ச்சி என்கிறார்களே? (கோட்டையூர்)

பதில்: 1960-களில் ஃபியட்டின் சின்ன வண்டிகளை ரேஸுக்கு மாற்றிய அபார்த் கார்கள் பின் மூடியைத் திறந்துவைத்தபடியே ஓடின, ஃபேஷன் அங்கிருந்து வந்திருக்கலாம். உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பது எந்தப் பக்கம் தூக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீழ்ப்பக்கம் தூக்கினால் சைலன்சர் சூடு நேராக உள்ளே வர வழி கிடைக்கும். ஒரு நாள் மூடி வைத்து, ஒரு நாள் தூக்கி வைத்து, அதே ரோட்டில் அதே நேரத்தில், காற்று நுழைகிற வாசல் சூட்டை எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் இதுவரை ஒருவர்கூட எனக்கு அந்த இரண்டு எண்ணை எழுதி அனுப்பியதில்லை, அழகாக இருக்கிறது என்று போட்டோதான் அனுப்புகிறார்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் செம்மண் புழுதி அதிகம். காற்று வழியில் கொசுவலை கட்டலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: கொசு வராது, காற்றும் வராது. விரல் நுனி நுழைகிற அளவு கம்பி வலை போதும், காய்ந்த இலையும் பூச்சியும் நிற்கும். புழுதி எப்படியும் ரேடியேட்டர் துடுப்பில் படியும், மாதம் ஒருமுறை காற்று வெளியேறுகிற பக்கத்திலிருந்து சாதாரண ஹோஸால் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் துடுப்பு மடங்கிவிடும்.

கேள்வி: நானோவின் பக்கவாட்டுத் துளைகளுக்கு மேல் குரோம் மூடி ஒட்டியிருக்கிறேன். பரவாயில்லையா? (புதுவயல்)

பதில்: எடுத்துவிடுங்கள். 624 சி.சி. இன்ஜின் பின்னால் இருக்கிறது, அந்தத் துளை அதற்காக வைத்தது. குரோமை வேறு எங்கேயாவது ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பீட்டிலில் பின் சீட்டில் உட்கார்ந்தால் காலுக்குப் பக்கத்தில் அடுப்பு மாதிரி காற்று அடிக்கிறது, புகை வாடையும் வருகிறது என்று எங்கள் ஆச்சி ஏறவே மாட்டேன் என்கிறார். (கண்டனூர்)

பதில்: ஆச்சி சொல்வது சரி. அது ஹீட்டர். குளிர் நாட்டுக்காக, ஃபேன் காற்றில் கொஞ்சத்தை எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றி ஓட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்புகிற ஏற்பாடு. மூடுகிற கதவு துருப்பிடித்தோ கேபிள் இறுகியோ திறந்தபடி நின்றிருக்கும். சூடு மட்டும் என்றால் கதவைச் சரிசெய்து மூடினால் போதும். புகை வாடை வருகிறது என்றால் எக்ஸாஸ்ட் எங்கேயோ கசிகிறது, வாடையோடு கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாடையே கிடையாது. ஹீட்டர் பெட்டியைக் கழற்றி ஓட்டையை அடைக்கிற வரை ஆச்சியை மட்டுமில்லை, யாரையும் ஏற்றாதீர்கள்.